வாசகர் கேள்வி–பதில்: நவஹோவும் எபிரேயமும் உறவா?

எபிரேய மொழி மீண்டும் பேச்சுக்கு வந்த வரலாற்றைப் போன இதழில் ஒரே பத்தியில் சொல்லி முடித்திருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் குமரி மாவட்டத்தவை. அவற்றுள்ளும் பல, நான் பெயரைக்கூடக் குறிப்பிடாத நவஹோ மொழியைப் பற்றிக் கேட்டிருந்தன. அதன் காரணம் முதல் கேள்வியைப் படித்தால் விளங்கும். இந்த மாதப் பக்கங்களை இவ்விரு மொழிகளுக்கே விட்டுவிட்டேன்.

கேள்வி: எங்கள் ஊர்க் கன்வென்ஷன் கூட்டத்தில் பேசிய ஒருவர், அமெரிக்கப் பூர்வகுடிகளான நவஹோ மக்கள் இஸ்ரவேலின் காணாமற்போன பத்துக் கோத்திரத்தாரே என்றும், அவர்களுடைய மொழி எபிரேயத்தின் திரிபு என்றும் சொன்னார். எபிரேயத்தில் ‘இம்மா’, நவஹோவில் ‘ஷிமா’, இரண்டுக்கும் பொருள் தாய். இதற்கு மேல் என்ன சான்று வேண்டும் என்று கேட்டார். உண்மையா? (வாசகர், குழித்துறை)

பதில்: உண்மையில்லை. ஆனால் பேசியவர் அதைத் தாமாகக் கற்பனை செய்து சொல்லவில்லை. அந்தக் கருத்துக்கு முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலான வயது உண்டு. கி.மு. 722ஐ ஒட்டிச் சமாரியா அசீரியர் கையில் வீழ்ந்தபோது சிறைப்பட்டுப் போன வட நாட்டுக் கோத்திரங்கள் எங்கே போயின என்ற கேள்வி ஐரோப்பியரை நெடுங்காலம் அலைக்கழித்தது. அமெரிக்கா என்றொரு கண்டமும் அங்கே மக்களும் இருப்பது தெரிய வந்தவுடன், விடை கிடைத்துவிட்டது என்று பலர் எண்ணிக்கொண்டார்கள். ஆம்ஸ்டர்டாமில் வாழ்ந்த ரபி மெனாசே பென் இஸ்ரேல் 1650இல் இதைப் பற்றி நூல் எழுதினார். அமெரிக்கத் தென்கிழக்குப் பூர்வகுடிகளோடு நெடுங்காலம் வாணிபம் செய்த ஜேம்ஸ் அடேர் 1775இல் இருபத்து மூன்று வாதங்களை அடுக்கி, அவர்கள் யூதர்களே என்று சாதித்தார். ஆனால் அவர்கள் காலத்தில் மொழிகளின் உறவை அளந்து பார்க்கும் முறை இன்னும் உருவாகியிருக்கவில்லை.

‘ஷிமா’வை எடுத்துக்கொள்வோம். அதில் ‘ஷி’ என்பது ‘என்னுடைய’. ‘மா’ மட்டுமே தாய். ‘நிமா’ என்றால் உன் தாய், ‘பிமா’ என்றால் அவனுடைய அல்லது அவளுடைய தாய். நவஹோவில் உறவுப் பெயரையும் உறுப்புப் பெயரையும் இப்படி யாருடையது என்று முன்னால் ஒட்டாமல் சொல்லவே இயலாது. யாரோ ஒருவருடைய தாய் என்பதற்கும் ‘அமா’ என்று ஒரு முன்னொட்டு வேண்டும். எபிரேயத்திலோ ‘என்’ என்பது சொல்லின் இறுதியில் வரும்: ‘ஆவ்’ தந்தை, ‘அவி’ என் தந்தை. ஆக இரண்டு சொற்களிலும் ஒத்திருப்பது ‘மா’ என்ற ஒலி ஒன்றுதான். வாயைத் திறந்து மூடும் குழந்தைக்கு முதலில் வரும் அந்த ஒலியைத் தனக்கான அழைப்பாக எடுத்துக்கொள்ளாத தாய் உலகில் குறைவு. நம் ‘அம்மா’வையும் சேர்த்துக்கொண்டால் கூட்டத்தில் பேசியவர் நம்மையும் பதினோராவது கோத்திரமாக்கிவிடுவார்.

இதைவிட வேடிக்கையான ஒன்று உண்டு. நவஹோவில் முன்னிலை ஒருமைச் சொல் ‘நி’. தமிழில் ‘நீ’. எபிரேயத்தில் ஆணைப் பார்த்து ‘அத்தா’, பெண்ணைப் பார்த்து ‘அத்’. ஒலி ஒப்புமையே சான்று என்றால், நவஹோ மக்கள் எருசலேமிலிருந்து அல்ல, நாகர்கோவிலிலிருந்து போனவர்கள் என்று நான் இங்கே எழுதிவிட முடியும்.

உறவைக் காட்டுவது தனிச் சொற்களின் ஒப்புமை அன்று. ஒலிகள் ஓர் ஒழுங்கில் மாறி நிற்பது. குழித்துறைக்காரருக்கு இதை விளக்க நான் வெகுதூரம் போக வேண்டியதில்லை. தமிழில் மலை, தலை, வாழை; மலையாளத்தில் மல, தல, வாழ. சொல் இறுதி ‘ஐ’ அங்கே ‘அ’ ஆகிறது. ஒரு சொல்லில் மட்டுமல்ல, வரிசை வரிசையாக ஆகிறது. பால், பல், புலி ஆகியவை கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹுலி. இந்த வகையில் தேடினால் நவஹோவுக்கு உண்மையான உறவினர் கிடைக்கிறார்கள். அவர்கள் இருப்பது பாலஸ்தீனத்தில் அல்ல. அலாஸ்காவிலும் வடமேற்குக் கனடாவிலும். நவஹோவில் தண்ணீர் ‘தோ’. வட கனடாவின் சிப்பவையன் மொழியில் ‘து’. அலாஸ்கா எல்லையில் பேசப்படும் க்விச்சின் மொழியில் ‘ச்சூ’. அப்பாச்சி மொழிகள் இன்னும் நெருங்கிய உறவு. இக்குடும்பத்துக்கு அதபாஸ்கன் என்று பெயர். பல நூற்றாண்டுகளுக்கு முன் வடக்கிலிருந்து இறங்கி, இன்றைய அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா மாநிலங்கள் சந்திக்கும் வறண்ட மேட்டு நிலத்தில் குடியேறியவர்கள் நவஹோ மக்கள். அதற்கும் அப்பால் சைபீரியாவின் யெனிசெய் ஆற்றங்கரையில் பேசப்படும் கெட் மொழியோடு இந்தக் குடும்பத்துக்குத் தொடர்பு உண்டு என்று மொழியியலாளர் எட்வர்ட் வாய்தா 2008இல் விரிவாக வாதிட்டார். அதை எல்லா மொழியியலாளரும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. எபிரேயமோ அரபு, அரமேயம், எத்தியோப்பியாவின் அம்ஹாரிக் ஆகியவற்றோடு செமிட்டிக் குடும்பத்தைச் சேர்ந்தது.

கேள்வி: எங்கள் ஊர் விசைப்படகுகளில் ‘எபெனேசர்’ என்று பெயர் எழுதியிருப்பதைப் பார்க்கிறேன். எபிரேயச் சொற்கள் மூன்றெழுத்திலிருந்து பிறப்பவை என்கிறார்களே, இந்தச் சொல்லும் அப்படித்தானா? (வாசகர், குளச்சல்)

பதில்: நல்ல இடத்தில் கைவைத்திருக்கிறீர்கள். ‘எபென்’ என்றால் கல். ‘ஏசர்’ என்றால் உதவி. வேதாகமத்தில் சாமுவேல் ஒரு கல்லை நாட்டி, கர்த்தர் செய்த உதவியின் நினைவாக அதற்கு இட்ட பெயர் அது. ‘ஏசர்’ என்பதன் வேர் அயின், ஸாயின், ரேஷ் என்னும் மூன்று மெய்கள். அயின் என்பது தொண்டையின் அடியிலிருந்து வரும் ஒலி. தமிழில் எழுத்து இல்லாததால் நாம் அதை விழுங்கிவிட்டு உயிரெழுத்தை மட்டும் எழுதுகிறோம். இப்போது உங்கள் ஊர்ச் சபை உறுப்பினர் பட்டியலை மனத்துக்குள் புரட்டிப் பாருங்கள். எஸ்றா என்றால் உதவி. அசரியா என்றால் ‘யா’, அதாவது கர்த்தர், உதவினார். எலெயாசார் என்றால் தேவன் உதவினார். எலியேசர் என்றால் என் தேவன் உதவி. எலெயாசார் கிரேக்கர் வாயில் தேய்ந்ததுதான் லாசரு. ஞாயிற்றுக்கிழமை ஒரே பெஞ்சில் அமரும் எஸ்றாவும் லாசரும் எபெனேசரும் சொல்லளவில் உடன்பிறந்தவர்கள்.

எபிரேயம் இயங்கும் விதமே இதுதான். மூன்று மெய்கள் எலும்புக்கூடு. உயிரொலிகளும் சில ஒட்டுகளும் அதன்மேல் போர்த்தும் தசை. க், த், வ் என்ற மெய்களில் ‘எழுத்து’ என்னும் பொருள் குடியிருக்கிறது. ‘கத்தவ்’ எழுதினான், ‘கோத்தேவ்’ எழுதுகிறவன், ‘மிக்தாவ்’ கடிதம், ‘க்தோவெத்’ முகவரி, ‘கத்தாவ்’ செய்தியாளர், ‘ஹிக்தீவ்’ சொல்லி எழுதவைத்தான், ‘கெத்துபா’ திருமண ஒப்பந்தம். தக்கலையில் ஓதப் போகும் பிள்ளைக்குத் தெரிந்த ‘கிதாபு’, ‘மக்தப்’ ஆகிய அரபுச் சொற்களும் இதே வேரில் பிறந்தவையே. மேலே சொன்ன ஒழுங்கான உறவு என்பதற்கு இது நேரான காட்டு.

தமிழில் வேர் பெரும்பாலும் உடையாமல் நிற்க, விகுதிகள் பின்னால் வந்து சேரும். ஆயினும் சுடு–சூடு, கெடு–கேடு, படு–பாடு என்று சொல்லின் உள்ளேயே உயிர் நீண்டு பெயராகும் முதனிலை திரிந்த தொழிற்பெயர் நம்மிடம் உண்டல்லவா? அந்தச் சிறு வாசல் வழியாக எட்டிப் பார்த்தால் எபிரேயத்தின் முழு வீடும் தெரியும்.

கேள்வி: உலகின் கடினமான மொழிகளுள் ஒன்று நவஹோ என்று என் மகள் பாடத்தில் வருகிறது. எதனால் கடினம்? எபிரேயத்தைவிடவா? (வாசகி, தோவாளை)

பதில்: கடினம் என்பது கற்பவரின் தாய்மொழியைப் பொறுத்தது, நவஹோக் குழந்தைக்கு நவஹோ எளிது. ஆனால் அதன் வினைச்சொல் வெளியாரை மிரட்டும் என்பது மெய். தமிழ் வினையில் ‘நட’ முன்னே நிற்க, காலமும் எண்ணும் இடமும் பின்னே ஒட்டும். நவஹோவில் வினையின் கரு கடைசியில் ஒளிந்துகொள்ள, செய்பவர், செயப்படுபொருள், திசை, முறை ஆகியவை எல்லாம் ஏறத்தாழப் பத்து இடங்களில் முன்னால் அடுக்கி நிற்கும். ‘யிஷ்ச்சா’ அழுகிறேன், ‘நிச்சா’ அழுகிறாய், ‘யிச்சா’ அழுகிறான் அல்லது அழுகிறாள். இது எளிய வினை. பெரிய வினைகளில் அந்த முன்னொட்டுகள் ஒன்றோடொன்று உருகிக் கலந்துவிடும்.

அதைவிட எனக்கு வியப்பு தருவது வேறொன்று. உங்கள் ஊர்ப் பூச்சந்தையில் விடியற்காலையில் நின்று, ‘அதைத் தாருங்கள்’ என்று கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் கட்டிய மாலைக்கும் ‘தா’, உதிரிப்பூவுக்கும் ‘தா’. நவஹோவில் அப்படிக் கேட்க முடியாது. மாலை கயிறு போல நீண்டு வளைவது. அதற்கு ஒரு வினை. குவிந்து கிடக்கும் அரளி பல சிறு பொருள்களின் திரள். அதற்கு வேறு வினை. ஒற்றைத் தாமரை மொட்டு உருண்டு திரண்டது, அதற்கு மற்றொன்று. விலை எழுதிய தாள் தட்டையாய் மடங்குவது, அதற்கு இன்னொன்று. சொம்பில் உள்ள தண்ணீர் திறந்த பாத்திரத்தில் இருப்பது. வீட்டுக்குப் போய் மசித்த மரச்சீனிக் கிழங்கைக் கேட்டால் அது குழைந்த பொருள். இடுப்பில் இருக்கும் குழந்தையைக் கொடு என்றால் அது உயிருள்ளது. இப்படிப் பதினொரு வகை வினைக்கருக்கள் இருப்பதாக இலக்கணம் வகுத்தவர்கள் கணக்கிடுகிறார்கள். பெயரைச் சொல்லாமல் வினையை மட்டும் சொன்னாலும் என்ன மாதிரிப் பொருள் கைமாறுகிறது என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடும். நம்மிடமும் இந்த நுணுக்கம் அடியோடு இல்லை என்று சொல்லிவிட முடியாது. பூவைச் சூடுகிறோம், சேலையை உடுத்துகிறோம், நகையைப் பூணுகிறோம். எல்லாவற்றையும் ‘போடு’ என்ற ஒரே வினைக்குள் அடைத்துவிட்டது நம் காலத்துச் சோம்பல். எபிரேயத்தில் ‘தா’ என்பதற்கு ‘தேன்’ என்ற ஒரு சொல் எல்லாப் பொருளுக்கும் போதும். ஆனால் கேட்பது ஆணிடமா பெண்ணிடமா என்று பார்க்க வேண்டும், பெண்ணிடமானால் ‘த்னி’.

இன்னொரு விதி. ‘தேனீ சிறுவனைக் கொட்டியது’ என்று மார்த்தாண்டத்துத் தேன் வளர்ப்பவர் இயல்பாகச் சொல்வார். மரபான நவஹோவில் தேனீயை முதலில் நிறுத்தக் கூடாது. மனிதர் முதல், பிறகு பெரிய விலங்கு, பிறகு சிறியது, பிறகு பூச்சி என்று உயிர்களுக்கு ஒரு படிவரிசை உண்டு. உயர்ந்தது முன்னால் வர வேண்டும். ஆகவே சிறுவன் முதலில், தேனீ அடுத்து, வினையின் முன்னொட்டு ‘யி’ என்பதிலிருந்து ‘பி’ என மாறி, கொட்டியது யார் என்பதைக் காட்டும். உயர்திணை, அஃறிணை என்று வகுத்த தொல்காப்பியருக்கு இது பிடித்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மேலும், நவஹோவில் அசையின் குரல் உயர்ந்தால் பொருளே மாறும். ‘அஸே’ என்பதைத் தாழ்ந்த குரலில் சொன்னால் மருந்து. உயர்ந்த குரலில் சொன்னால் வாய். எபிரேயத்தில் இந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: இரண்டில் எது தமிழுக்கு நெருக்கம்? (கல்லூரி மாணவர், நாகர்கோவில்)

பதில்: உறவில் எதுவும் இல்லை. கட்டமைப்பில் நவஹோதான், அதுவும் சில இடங்களில் மட்டும். வினை வாக்கியத்தின் இறுதியில் வரும், எபிரேயத்தில் அப்படியன்று. நம் வேற்றுமை உருபு போல நவஹோவில் பின்னுருபுகள், எபிரேயத்தில் முன்னிடைச்சொற்கள். ஆண்பால், பெண்பால் வேறுபாடு எபிரேயத்தில் முன்னிலை வரை நீளும், நவஹோவில் படர்க்கையில்கூடக் கிடையாது, தமிழ் நடுவில் நிற்கிறது. எனக்கு மிகவும் பிடித்த ஒப்புமை உடன்பிறப்புப் பெயர்களில் இருக்கிறது. எபிரேயத்தில் சகோதரன் ‘ஆஹ்’, சகோதரி ‘ஆஹோத்’; மூத்தவரா இளையவரா என்பதைத் தனியே சொல்ல வேண்டும். நவஹோவில் அண்ணனுக்கு ‘ஷினாயி’, அக்காளுக்கு ‘ஷாதி’, தம்பிக்கு ‘சிட்சிலி’, தங்கைக்கு ‘ஷிதேஜி’ என்று நான்கு சொற்கள். தாய்வழித் தாத்தாவும் தந்தைவழித் தாத்தாவும் அங்கே வெவ்வேறு பெயருடையவர்கள். குடும்பக் கல்யாணத்தில் யாரை எப்படி அழைப்பது என்று நவஹோ விருந்தாளிக்கு விளக்குவது, இஸ்ரேலிய விருந்தாளிக்கு விளக்குவதைவிடச் சுலபமாக இருக்கும்.

கேள்வி: எது பழைய எழுத்து? (வாசகர், பூதப்பாண்டி)

பதில்: எபிரேயம், ஐயமின்றி. எருசலேமின் சீலோவாம் சுரங்கத்தில் கிடைத்த கல்வெட்டே கி.மு. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 22 எழுத்துகளும் மெய்களுக்கே; உயிரைக் காட்டும் புள்ளிகளை மிகப் பின்னால் திபேரியாவின் அறிஞர்கள் சேர்த்தார்கள். நவஹோ ரோமன் எழுத்தில் எழுதப்படுகிறது. இன்று வழங்கும் முறை ராபர்ட் யங், வில்லியம் மார்கன் இருவரின் உழைப்பில் 1940களில் நிலைபெற்றது. மார்கன் நவஹோக்காரர்.

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் நவஹோ மொழியை ஜப்பானியரால் புரிந்துகொள்ள முடியவில்லை என்பது மெய்யா? (ஓய்வுபெற்ற படைவீரர், அருமனை)

பதில்: மெய்தான். அமெரிக்கப் படை போர்ச் செய்திகளை ரகசியமாக அனுப்ப நவஹோவைப் பயன்படுத்தியது, ஆனால் மொழியை மட்டும் நம்பி அதைச் செய்யவில்லை. நவஹோ நிலத்தில் வளர்ந்த மிஷனரி மகன் பிலிப் ஜான்ஸ்டன் 1942இல் யோசனை சொல்ல, முதலில் 29 நவஹோ இளைஞர்கள் கடற்படைக் காலாட்பிரிவில் சேர்ந்து சங்கேதத்தை உருவாக்கினார்கள். போர் முடிவதற்குள் ஏறத்தாழ 400 பேர் இதில் பணியாற்றினார்கள். டாங்கிக்கு ஆமை, நீர்மூழ்கிக்கு இரும்பு மீன், போர் விமானத்துக்குத் தேன்சிட்டு போன்ற சிறு பறவையின் பெயர்; ஆங்கில எழுத்துகளுக்கும் தனித்தனி நவஹோச் சொற்கள். ஜப்பானியரிடம் சிறைப்பட்ட ஒரு நவஹோ வீரரைக் கொண்டு கேட்கவைத்தும் பயனில்லை. பயிற்சி பெறாத அவர் காதுக்கு அது தொடர்பற்ற சொற்குவியலாகவே பட்டது. 1945இல் இவோ ஜிமா சண்டையில் இவர்கள் ஆற்றிய பணி பெரிது. 1968 வரை இச்செய்தி அரசின் ரகசியம். முதல் 29 பேருக்கான பொற்பதக்கம் 2001இல்தான் வந்தது. அதற்குள் பெரும்பாலோர் இறந்துவிட்டார்கள். இவர்களுள் பலர், பள்ளி விடுதியில் இதே மொழியைப் பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டு வளர்ந்தவர்கள் என்பதையும் மறக்காமல் எழுதிவிடுகிறேன்.

கேள்வி: எபிரேயத்தை மீட்டது போல் நவஹோவையும் மீட்க முடியாதா? (ஆசிரியை, களியக்காவிளை)

பதில்: இரண்டின் நோயும் வேறு வேறு. எபிரேயத்துக்கு வாசகர்கள் ஒருபோதும் குறையவில்லை; ஜெபமும் கடிதமும் வழக்குத் தீர்ப்பும் அதில் எழுதிக்கொண்டே இருந்தார்கள். அதற்கு இல்லாதிருந்தது தொட்டிலில் கேட்கும் குழந்தை. எலியேசர் பென் யெகுதா 1881இல் பாலஸ்தீனம் போய், அடுத்த ஆண்டு பிறந்த மகனிடம் எபிரேயம் தவிர வேறு மொழி பேசக் கூடாது என்று வீட்டாரைத் தடுத்தார். அவர் பெயரிலும் அதே ‘உதவி’ வேர் இருப்பதைக் குளச்சல் வாசகர் கவனிப்பாராக. 1890இல் மொழிக் குழு, 1922இல் ஆட்சிமொழிகளுள் ஓரிடம், 1953இல் மொழிக் கழகம். ஆனால் ஒரு மனிதரின் பிடிவாதத்தால் மட்டும் இது நடந்தது என்று நான் நம்பவில்லை. இத்திஷ், லடினோ, அரபு, ரஷ்யன் பேசி வந்து ஒரே ஊரில் குடியேறியவர்களுக்குப் பொதுமொழி ஒன்று தேவைப்பட்டது. எல்லாருக்கும் ஓரளவு தெரிந்த எபிரேயம் அந்தத் தேவையை நிறைத்தது.

நவஹோவின் நிலை நேர்மாறு. பேசுவோர் சுமார் 1,70,000 பேர் என்று 2011ஐ ஒட்டிய அமெரிக்கக் கணக்கெடுப்பு சொல்கிறது. அமெரிக்கப் பூர்வகுடி மொழிகளுள் அந்நாட்டில் மிகப் பெரியது அதுவே. எழுத்து உண்டு, அகராதி உண்டு, முழு வேதாகமம் 1985இல் வந்துவிட்டது. குறைவது பேசும் சிறுவர். 1864இல் படையினர் அம்மக்களைப் போஸ்கே ரெடோண்டோ முகாமுக்கு நடத்திச் சென்றார்கள். 1868 உடன்படிக்கைக்குப் பின்தான் சொந்த நிலத்துக்குத் திரும்பினார்கள். அதன் பிறகு வந்த விடுதிப் பள்ளிகள், வீட்டு மொழியைப் பேசுவது வெட்கம் என்று இரண்டு மூன்று தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்தன. 1966இல் நவஹோ மக்களே நடத்தத் தொடங்கிய ரஃப் ராக் பள்ளி, 1968இல் பூர்வகுடியினரே நடத்தும் கல்லூரி, 1986 முதல் ஃபோர்ட் டிஃபையன்ஸில் நவஹோவழிக் கல்வி என்று எதிர்முயற்சிகள் நடந்தும், பொதுமொழியின் இடத்தில் ஆங்கிலம் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. அதுவே எபிரேயத்துக்கு இல்லாத இடையூறு.

களியக்காவிளையில் இருந்து எழுதும் உங்களுக்கு ஒரு காட்சி பழக்கமாக இருக்கும். பாட்டி திண்ணையில் இருந்து மலையாளத்தில் கேட்பார். பேரன் அதை முழுவதும் புரிந்துகொண்டு தமிழில் பதில் சொல்வான். அவன் தங்கை ஆங்கிலத்தில். நவஹோ வீடுகளில் இன்று நடப்பதும் இதுவே: கேட்கத் தெரிந்த பிள்ளை, ஆனால் பதில் வேறு மொழியில். அந்தப் பிள்ளைக்குப் பிறக்கும் பிள்ளைக்குக் கேட்கவும் தெரியாது.

கேள்வி: கணினிக்கு இரு மொழிகளிலும் என்ன சொல்? (பள்ளி மாணவி, இரணியல்)

பதில்: எபிரேயத்தில் ‘மஹ்ஷேவ்’; நினை, கணக்கிடு என்னும் பொருளுடைய வேரில் அமைத்தது. நவஹோவில் ‘பேஷ் நிட்ஸெகேஸி’, அதாவது ‘சிந்திக்கும் உலோகம்’. நவஹோ பிறமொழிச் சொல்லை எளிதில் வாங்காது. இருப்பதைக் கொண்டு விளக்கிச் சொல்லும். கார் ஓடும் ஓசையைக் கேட்டு அதற்கு ‘சிதி’ என்று பெயரிட்டார்கள். டயர், ‘சிதியின் செருப்பு’. பெட்ரோலுக்கு அவர்கள் சொல்வது ‘சிதியின் தண்ணீர்’. முதல் பதிலில் பார்த்த அதே ‘தோ’தான், ‘சிதி பிதோ’ என்று வண்டிக்குள் ஊற்றப்படுகிறது.